வேலைக்குப் போகிற வழியும் வேலைதான்

(எட்டியாந்தோட்டையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவினர் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையான நமது அமைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கொழுந்து நிறை, வீட்டுக் காணி என்றுதான் பேசுவோம். அவை எல்லாம் பேச வேண்டியவைதான். இன்று எனக்குத் தந்திருக்கிற நேரத்தில் நான் பேசப்போவது ரோட்டில் நடப்பதைப் பற்றி. "டீச்சர், நடக்கிறதையுமா படிச்சுக் கொடுக்கப் போறீங்க?" என்று ஒரு அக்கா வாசலிலேயே கேட்டுவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் அக்கா, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் மழைக்காலம். காலையில் இடாப்பு எடுக்கும்போது நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை. அந்தப் பிள்ளை லீவு போடுகிற பிள்ளை இல்லை. பத்து மணிக்குத்தான் செய்தி வந்தது. அதன் அம்மா பால் வெட்டுகிறவர். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கீழ் டிவிசனிலிருந்து புறப்பட்டு, மேல் டிவிசனுக்குத் திரும்புகிற வழிக்காக மெயின் ரோட்டில் அரைக் கட்டை தூரம் நடந்திருக்கிறார். பின்னால் வந்த வான் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. அந்த வழியே வந்த சிங்கள அண்ணன் ஒருவர்தான் தன்னுடைய ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கு நாம் என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அன்று லயத்தில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "பாத்துப் போயிருக்கணும்." தோட்டத்தில், "வேலை தொடங்குவதற்கு முன்னால் நடந்தது, நமக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். வீட்டுக்காரர் பொலிசுக்குப் போனது நாலாம் நாள். சங்கத்துக்குத் தெரிய வந்தது இரண்டு கிழமை கழித்து. அந்தப் பிள்ளை மறுபடி பாடசாலைக்கு வந்தபோது நானும்கூட, "அம்மாவை இனிமேல் பார்த்து நடக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன். அது தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "அம்மா பாத்துத்தான் போனாங்க டீச்சர். பின்னாலதான் வந்துச்சு."

அந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை. பின்னால் வருகிற வண்டியை யாரால் பார்க்க முடியும்? அப்படியானால் பார்க்கக்கூடிய பக்கமாக நடக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? அந்த அரைக் கட்டை ரோட்டில் ஒரு லைட்டுக்கூட ஏன் இல்லை? வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் குடும்பத்துக்கு யார் சொன்னோம்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடியதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கணக்கு. உலகத்தில் ஒரு வருடத்தில் வீதி விபத்தில் இறப்பவர்கள் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் கார்க்காரர்கள் இல்லை. நடந்து போகிறவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்டோவிலும் போகிறவர்களும்தான். 5 வயதிலிருந்து 29 வயது வரையிலான பிள்ளைகளும் இளைஞர்களும் சாவதற்கு முதற்காரணம் எந்த நோயும் அல்ல, வீதி விபத்து. நம் சின்ன நாட்டிலேயே வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ரோட்டில் பறிகொடுக்கிறோம்.

நமக்கு நடை புதிதல்ல. நம் பாட்டன் பூட்டன் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்களும் எத்தனையோ பேர். அந்த 200 வருட நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று வழியில் காய்ச்சலும் பசியும் கொன்றன. இன்று அதே கால்களோடு நாம் நடப்பது வண்டி பறக்கிற தார் ரோட்டில்.

நம்முடைய சப்ரகமுவ ரோட்டுக்கென்று சில குணங்கள் உண்டு. அவிசாவளையிலிருந்து எஹலியகொட, குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று போகிற ஏ 4 வீதியைப் பாருங்கள். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்கு ஏறுகிற ஏ 7ஐப் பாருங்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் கான், நடுவில் வளைவு. நடைபாதை இல்லை. மழை விட்ட நாள் குறைவு. தோட்டத்துப் பாதை எங்கே மெயின் ரோட்டில் வந்து ஏறுகிறதோ, அங்கேதான் பற்றைக்காடும் வளைவும் இருக்கும். போதாததற்கு, ரப்பர் பால் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் நன்றாக வடியும். நம் நாட்டில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும். ஆகவே ரப்பர்த் தொழிலாளி வருடத்தில் எல்லா நாளும் இருட்டில்தான் ரோட்டில் இறங்குகிறார். இது அவர் விரும்பித் தேர்ந்தெடுத்த நேரம் அல்ல. வேலை கேட்கிற நேரம்.

இனி ஒரு சின்னக் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், நாலாம் வகுப்புக் கணக்குத்தான்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். நம் பன்னிரண்டு காம்பரா லயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கிட்டத்தட்ட இரண்டே செக்கன். சாரதி நம்மைக் கண்டு, மூளைக்கு எட்டி, காலை எடுத்து பிரேக்கில் வைக்கவே ஒன்று, ஒன்றரைச் செக்கன் போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. எல்லாம் சேர்த்து, காய்ந்த தாரில் நிற்பதற்கு 40 மீற்றருக்கு மேல் வேண்டும். நனைந்த தாரில் 60 மீற்றர் வரை போகும்.

இப்போது இருட்டில் நாம் எவ்வளவு தூரத்தில் தெரிகிறோம்? இதை நானும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் ஒரு மாலையில் தோட்டத்து ரோட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். தெரிந்த தம்பி ஒருவர் ஆட்டோவை நிறுத்தி லைட்டைப் போட்டுத் தந்தார். கறுப்பு ஸ்வெட்டர் போட்ட பிள்ளை முப்பது அடி வைப்பதற்குள் இருட்டில் கரைந்துவிட்டது. வெள்ளைச் சட்டைப் பிள்ளை அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் தெரிந்தது. லொறியின் பின்னால் ஒட்டுகிற மின்னும் ஸ்டிக்கரை ஒரு சாண் அளவு பையில் ஒட்டிக்கொண்ட பிள்ளை, ரோட்டு வளைவு வரை போயும் பளிச்சென்று தெரிந்தது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சாரதிக்கு நிறுத்த 60 மீற்றர் வேண்டும். கறுப்பு உடுப்புக்காரர் அவர் கண்ணுக்குத் தெரிவது 25 மீற்றரில். நல்ல மனிதனாக இருந்தாலும், குடிக்காதவனாக இருந்தாலும், அவரால் நிறுத்த முடியாது. அதே வண்டி 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், நனைந்த ரோட்டிலும் 20 மீற்றர் சொச்சத்தில் நின்றுவிடும். ஆகவே உயிரைக் காப்பது இரண்டு விடயம். ஒன்று, நாம் தெரிய வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. இரண்டு, வண்டி மெதுவாக வர வேண்டும். அது நாம் சங்கமாகக் கேட்டுப் பெற வேண்டியது.

முதலில் நம் கையில் உள்ளதைப் பார்ப்போம்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கமாக நட வேண்டும். நம் நாட்டில் வண்டி இடது பக்கத்தில் ஓடுகிறது. நாம் வலது பக்கம் நடந்தால், நமக்குக் கிட்டே வருகிற வண்டி முகத்துக்கு நேரே வரும். கண்டதும் ஒதுங்கலாம். பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டுகிற லைட்டும் அப்போதுதான் உதவும். இடது பக்கம் நடந்தால், பின்னால் வருகிறவனுக்கு அந்த லைட் தெரியாது. அவனுக்கு நாம் வெறும் இருட்டுத்தான். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ரோட்டு வலது பக்கம் வளைந்து, அந்தப் பக்கம் மண்மேடும் மறைவுமாக இருந்தால், அங்கே மேட்டோடு ஒட்டிப் போகாதீர்கள். எதிரே வருகிற பஸ்ஸும் லொறியும் அந்த உள் வளைவோடு ஒட்டித்தான் வரும். நீளமான வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டித் திரும்பும். முன் பகுதி நம்மைத் தாண்டியதும் தப்பித்தோம் என்று நினைப்போம். பின் பகுதி அடிக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே, இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் ரோட்டைக் கடந்து வெளிப் பக்கமாக நடந்து, வளைவு முடிந்ததும் மறுபடி வலது பக்கத்துக்கு வாருங்கள். வளைவின் உள்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பதும் கூடாது.

கடப்பதற்கும் கணக்கு உண்டு. நம் ரோட்டைச் சாதாரண நடையில் கடக்க ஆறு செக்கன் எடுக்கும். தலையில் விறகுக் கட்டோடு போகிற அம்மாவுக்கு இன்னும் கூட. அந்த ஆறு செக்கனில் 60 வேகத்து வண்டி 100 மீற்றர் ஓடிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் மூன்று லயத்து நீளம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரோட்டைக் கடக்காதீர்கள். பக்கத்தில் மஞ்சள் கடவை இருந்தால் அங்கே போய்க் கடவுங்கள். கடவையில் கால் வைத்ததால் மட்டும் வண்டி நின்றுவிடாது. சாரதியின் முகத்தைப் பார்த்து, வண்டி நின்றதைக் கண்டு, அதன் பிறகு நடக்க வேண்டும். ஒரு வண்டி நின்றாலும் அதை முந்திக்கொண்டு மோட்டார் சைக்கிள் வரும். பாதியில் இன்னொரு முறை பாருங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னாலோ பின்னாலோ ஓடிக் கடக்காதீர்கள். பஸ் போகட்டும். அரை நிமிடத்தில் பிரட்டுக்களம் ஓடிப் போகாது.

குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரத்தினபுரிப் பக்கம் குடை இல்லாமல் வாழ முடியாது. காற்றோடு மழை அடிக்கும்போது குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். எதிரே வருவது தெரியாது, மழைச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. ரோட்டில் நடக்கும்போது குடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். முடியாத மழை என்றால் ஒரு ஓரமாக நில்லுங்கள். படங்கும் கறுப்புப் பொலித்தீனும் போட்டு நடப்பவர்கள் அதன் முதுகுப் பக்கம் ஒரு துண்டு மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மோட்டார் உதிரிப்பாகக் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு மீற்றர் வாங்கினால் நாலைந்து பேருக்குப் போதும். பால் வாளியிலும், பிள்ளையின் புத்தகப் பையிலும் ஒட்டலாம்.

கூட்டமாகப் போகும்போது பேச்சு சுவாரசியத்தில் நாலு பேர் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறோம். இருட்டிலும் வளைவிலும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் போகிறவர் கையில் ஒரு டோர்ச், கடைசியில் போகிறவர் கையில் ஒரு டோர்ச்.

பிள்ளைகளைப் பற்றி ஆசிரியையாகச் சொல்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு வண்டி தெரியும். ஆனால் அது எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிட அந்த வயதில் முடியாது. அது பிள்ளையின் குற்றம் இல்லை. "மெதுவாப் பாத்துப் போ" என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. மெயின் ரோட்டு வழியாகப் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகளை ஒரு பெரியவரோடு ஒரே கூட்டமாக அனுப்புங்கள். லயத்துக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை. வேலைக்குப் போகாத பாட்டி, தாத்தா கூடச் செய்யலாம். கையைப் பிடித்துப் போகும்போது பிள்ளை ரோட்டின் ஓரப் பக்கம், நாம் வண்டிப் பக்கம்.

சைக்கிள் ஓட்டுகிற தம்பிமாருக்கு. ருவன்வெல்ல, தெஹியோவிட்டப் பக்கம் சமதரையில் சைக்கிள் நல்ல வாகனம். மலையில் அது ஏறும்போது நண்பன், இறங்கும்போது எதிரி. சைக்கிள் இடது பக்கம்தான் போக வேண்டும், நடப்பவர்களைப் போல் எதிர்ப் பக்கம் அல்ல. இறக்கத்தில் விடுமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். மழையில் ரிம்மும் பிரேக் கட்டையும் நனைந்தால் பிடிக்கத் தாமதமாகும். ஆகவே வேகம் எடுத்த பிறகு பிடிக்காமல், தொடக்கத்திலிருந்தே விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். ஹேண்டிலில் பால் வாளியோ கடைச் சாமானோ தொங்கவிட்டால் வளைவில் அது இழுத்துக்கொண்டு போகும். பின்னால் கரியரில் கட்டுங்கள். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் அல்லது மின்னும் கண்ணாடி. ஏற்றத்தில் லொறியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதை வீரம் என்று நினைக்காதீர்கள். ஹெல்மட் கிடைத்தால் போடுங்கள். தலை ஒன்றுதான். காதில் ஹெட்போன் வேண்டாம். இது நடக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்ததைச் சொன்னால் சில அண்ணன்மார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சம்பள நாள் இரவு. குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு மெயின் ரோட்டில் நடப்பவரையும், ஓரத்தில் படுத்துவிடுபவரையும் இருட்டில் எந்தச் சாரதியும் காண மாட்டார். குடியை விடச் சொல்வது இன்னொரு நாள் பேச்சு. இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். குடித்த ஆளைத் தனியாக ரோட்டில் விடாதீர்கள். கூட இருந்தவர்கள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் நாம் செய்தால் பாதி ஆபத்து குறையும். அப்படியும் நடந்துவிட்டால் என்ன செய்வது?

1990 என்ற இலக்கத்தை எல்லோரும் போனில் பதிந்து வையுங்கள். அது சுவசெரிய அம்பியூலன்ஸ். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்து, இப்போது நாடு முழுவதும் வருகிறது. இலவசம். தோட்டப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த ரோட்டு, எத்தனையாவது கிலோமீற்றர் கல், பக்கத்தில் என்ன கோவில், என்ன கடை என்று சொல்லுங்கள். பொலிசுக்கு 119. முதுகு, கழுத்து அடிபட்டவரை அம்பியூலன்ஸ் வரக்கூடிய இடத்தில் இழுத்துத் தூக்காதீர்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள்.

வண்டி இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். முடியாவிட்டால் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றே பொலிசில் முறைப்பாடு கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். நம் நாட்டில் தமிழும் அரச கரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. விளங்காத சிங்களத்தில் எழுதியதை விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

ஏன் இந்தக் காகிதங்கள்? இதற்குத்தான். ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அடிபட்டவருக்கு அதில் நட்டஈடு கேட்கலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், வீதிப் பாதுகாப்பு பற்றிய தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டுக்கும் பொலிஸ் அறிக்கை வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். காதைக் கொடுத்துக் கேளுங்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிற தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்தும் இப்போது அதற்குள் வருகிறது. ஆகக் கூடிய நட்டஈடும் 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. "வேலை தொடங்குவதற்கு முன்னால் நடந்தது, சம்பந்தமில்லை" என்று இனி யார் சொன்னாலும், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வழக்கமாகப் போகிற வழியில் நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். கூட நடந்தவர்கள் பெயரை எழுதி வையுங்கள். அன்றே தோட்டக் கமிட்டித் தலைவருக்குச் சொல்லுங்கள். தலைவர்களே, நீங்கள் அன்றே தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்த அம்மாவின் விண்ணப்பத்தை நாங்கள் போட்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை. நாலு நாளும் இரண்டு கிழமையும் வீணாகப் போனதால்தான் இவ்வளவு இழுபறி.

கடைசியாக, நாம் கேட்டுப் பெற வேண்டியது.

யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏ, பி என்று எழுத்துப் போட்ட பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். மஞ்சள் கடவை, "பாடசாலை உண்டு, மெதுவாகச் செல்க" என்கிற பலகை, வளைவில் பற்றை வெட்டுவது, கானுக்கு மூடி போட்டு நடக்க வழி செய்வது எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை மாகாண சபை வீதிகள், பிரதேச சபை வீதிகள். வீதி லைட்டுக்குப் பிரதேச சபை. முன்பெல்லாம் தோட்டத்து ஆட்கள் போனால், "தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை" என்று பிரதேச சபையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 2018இல் அதுவும் திருத்தப்பட்டது. இப்போது பிரதேச சபை தோட்டத்துக்கும் வேலை செய்யலாம். நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு லைட். விடியுமுன் வருகிற ஒவ்வொருவருக்கும் மின்னும் பட்டி போட்ட ஒரு மேலங்கி. ட்ரக்டர் பெட்டியில் ஆட்களை ஏற்றுவதற்குப் பதில் ஒழுங்கான வாகனம்.

"எழுதினால் நடக்குமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். ஒரு நாட்டின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். சரித்திரப் பாடத்தில் ஒல்லாந்தர் என்று படிக்கிறோமே, அவர்களுடைய நெதர்லாந்து. இன்று சைக்கிளுக்குப் பெயர் போன நாடு. 1971இல் அங்கே ஒரே வருடத்தில் 3,000க்கு மேற்பட்டவர்கள் ரோட்டில் செத்தார்கள். அதில் 400க்கு மேற்பட்டவர்கள் சிறு பிள்ளைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகைக்காரர், "பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுதினார். அந்த வாசகமே இயக்கத்தின் பெயரானது. "உன் பிள்ளை பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்ற பேச்சை அந்தத் தாய் தகப்பன்மார் ஏற்கவில்லை. தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். பாராளுமன்றத்துக்குப் போனார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை வந்தது, குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தது. இன்று வண்டிகள் பல மடங்கு பெருகியும், அங்கே வருடத்துக்குச் சாகிறவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அந்தப் பாதைகள் தானாக வரவில்லை. கேட்டு வாங்கினார்கள்.

நாம் சங்கம் கட்டிய மக்கள். கேட்பது நமக்குப் புதிதா?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று வேலை செய்துகொண்டு வாருங்கள். ஒன்று, உங்கள் டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற வழியை விடியற்காலை ஐந்தரைக்கு நீங்களே நடந்து பார்த்து, எந்த இடம் இருட்டு, எந்த வளைவு மறைவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு, அந்த இடம் யாருடைய வீதி என்று கிராம சேவகரிடம் கேட்டு, உரியவருக்குக் கடிதம் ஒன்று. எழுத உதவி வேண்டுமானால் நானும் மற்ற ஆசிரியர்களும் இருக்கிறோம், தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருவோம். மூன்று, மின்னும் ஸ்டிக்கர். கமிட்டிப் பணத்தில் வாங்கி, விடியுமுன் போகிற எல்லோருடைய முதுகிலும் ஒட்டி விடுங்கள்.

அந்த அம்மா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். காட்டுக்குப் போய் மரம் வெட்ட இன்னும் முடியவில்லை. அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது. போன கிழமை அதன் புத்தகப் பையின் பின்னால் ஒரு துண்டு மின்னும் ஸ்டிக்கர் பார்த்தேன். கோணலாக ஒட்டியிருந்தது. "யார் ஒட்டினது?" என்று கேட்டேன். "அம்மா" என்றது. தம்பிமார் இரண்டு பேர் பையிலும் ஒட்டிவிட்டாராம்.

நான் அன்று சொன்ன சொல்லை இன்று திருத்திச் சொல்கிறேன். பார்த்து நடப்போம். நம்மைப் பார்க்கும்படியும் நடப்போம். பத்திரமாக நடக்க ஒரு ரோட்டையும் கேட்டு வாங்குவோம்.